கடைசிப் பந்தி

அம்மாவுக்கு எழுபது முடிந்த மாதத்தில்தான் விடைத்தாள் திருத்திய பணம் கைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டு. அதை எடுத்துக்கொண்டு அவளை ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். மலையடிவாரத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு சொகுசு விடுதி. ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். தமிழ்நாட்டில் இப்போது அப்படிப்பட்ட தோப்புகள் பல இருக்கின்றன. வாசலில் சந்தனமும் மல்லிகைச் சரமும் தந்தார்கள். ஓலை வேய்ந்த மண்டபம், மேசைமேல் மண்தட்டு, தட்டுக்குள் வட்டமாக நறுக்கிய வாழையிலை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரிமாறாமல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். மண்கிண்ணத்தில் கொள்ளு ரசம். விரல் நீளத்துக்கு ஒரு கேழ்வரகு அடை. ஒரு கரண்டி அயிரை மீன் குழம்பு. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்று அதன் கதையைச் சொன்னான்.

மேசைமேல் ஓர் அட்டை இருந்தது. தலைப்பு: ‘அம்மாச்சியின் கைமணம்’. அம்மா பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அட்டையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “எந்த அம்மாச்சிடி?”

சமையலறை கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தெரிந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஆறேழு ஆண்கள். பெண்கள் என்று நான் பார்த்தது இரண்டு பேரைத்தான். ஒருத்தி வாசலில் சந்தனம் கொடுத்தவள். இன்னொருத்தி மண்டபத்தின் ஓரத்தில் அம்மிக்கு முன்னால் கண்டாங்கிச் சேலையோடு உட்கார்ந்திருந்தவள். விருந்தினர் கேமராவைத் தூக்கும்போது அவள் அரைத்தாள்.

அம்மாவின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. எங்கள் ஆற்றங்கரையில் யார் சமைத்தார்கள், யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று அதன்பிறகு தேடத் தொடங்கினேன்.

நான் பிறந்தது சோழவந்தானில். வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா வந்தால் வீடு நிறைய ஒரம்பரை. அம்மாவும் சின்னாத்தாளும் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். முதல் பந்தி வெளியூர் ஆண்களுக்கு. இரண்டாவது உள்ளூர் ஆண்களுக்கு. மூன்றாவது பிள்ளைகளும் விருந்தாளிப் பெண்களும். கடைசிப் பந்தியில் சமைத்தவர்கள் இருவரும் அடுக்களைத் தரையில், பாத்திரங்களுக்கு நடுவே உட்காருவார்கள். அவர்களுக்கு இலை போட்டு நான் பார்த்ததில்லை. குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிடுவார்கள். கறி இருக்காது, எலும்பும் மசாலாவும் இருக்கும். “சட்டிச்சோறுதான்டி ருசி” என்பாள் அம்மா. வெகுகாலம் அதை நான் நம்பினேன். அதில் பொய்யும் இல்லை, சட்டிச்சோறு ருசிதான்.

அந்தக் கடைசிப் பந்திக்குப் பிறகும் ஒன்று இருந்தது. பாத்திரம் கழுவ வந்த பெண் கொல்லைப்புறத்தில் நின்று தன் வீட்டுத் தூக்குச்சட்டியில் மிச்சத்தை வாங்கிக்கொண்டு போவாள். அவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அதை யாரும் பந்தி என்று சொன்னதும் இல்லை. பெண்கள் என்று ஒரே சொல்லில் எழுதிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூக்குச்சட்டி நினைவுக்கு வருகிறது.

வைகையின் பிறப்பைப் பற்றிய புராணமே ஒரு விருந்தில்தான் தொடங்குகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தடாதகைக்குக் கல்யாணம். எல்லோரும் உண்டபின்னும் மலைபோல் உணவு மிஞ்சிக் கிடக்கிறது என்று அவள் கணவனிடம் சொல்கிறாள். அவன் குண்டோதரனை அனுப்புகிறான். பூதம் மிஞ்சிய அத்தனையையும் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறதென்று நிற்கிறது. பிறகு அன்னக்குழி வருகிறது. பூதத்தின் தாகத்துக்காக ஆறும் வருகிறது. கையை வை என்றதால் வைகை என்பது மதுரைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. போரிட்டு நாடுகளை வென்றவளாக அதுவரை வந்த ஓர் அரசி, கல்யாணமான கையோடு, தன் வீட்டில் ஆக்கிய சோறு போதவில்லை என்று வெட்கப்பட வைக்கப்படுகிறாள். கதையின் இந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

மதுரையை ஒட்டிய கிராமப்புற விருந்து ஒன்றை இலக்கியம் இலை போடுவதிலிருந்து வெற்றிலை வரை விவரித்திருக்கிறது என்றால், அது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதைதான். வருடாவருடம் வகுப்பில் நடத்துகிறேன். மாணவர்கள் காற்சிலம்பு எப்போது வெளியே வரும் என்று காத்திருப்பார்கள். எனக்கோ வயது ஏற ஏற அடுப்பங்கரையில்தான் கண் நிற்கிறது.

நகரத்துக்கு வெளியே ஆயர் குடியிருப்பு. மாதரி தந்த சின்ன வீடு. கோவலன் சாவக நோன்பி என்பதால் அவனுக்கு ஏற்றபடி சமைக்கப் பாத்திரங்களையும் பொருள்களையும் ஆய்ச்சியர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, அவர்கள் மாடுகளின் பாலும் தயிரும். மாதரியின் மகள் ஐயை வைக்கோலைப் போட்டு நெருப்பு மூட்டுகிறாள். புகார் நகரத்து மாசாத்துவான் வீட்டு மருமகள் அரிவாள்மணையில் காய் நறுக்குகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வேர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. சமைக்கிறவளின் உடம்பை இளங்கோ விடாமல் பார்த்திருக்கிறார். கோவலன் உட்காரும் பனையோலைத் தவிசுகூட கைத்தேர்ச்சி உள்ள ஒரு பெண் முடைந்தது என்று அவர் குறித்து வைக்கிறார். அவன் காலைக் கழுவி, தரையில் நீர் தெளித்துத் தடவி, குருத்து வாழையிலையை விரித்து, உண்ணுங்கள் என்கிறாள் கண்ணகி. உண்டு முடித்தவனுக்கு வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள்.

பொருள் கொடுத்தவர்கள், நெருப்பு மூட்டியவள், தவிசு முடைந்தவள், நறுக்கியவள், ஆக்கியவள், பரிமாறியவள், வெற்றிலை கொடுத்தவள் என்று எல்லோரும் பெண்கள். உட்கார்ந்தவன் ஒருவன். கண்ணகி சாப்பிட்டாளா என்று காப்பியம் சொல்லவில்லை. வெற்றிலை கொடுத்த கையோடு அவர்கள் பேசுகிறார்கள். அவன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறான். ஆக்கியவள் தன் பங்கைச் சாப்பிட நேரம் இருந்ததா? அடுப்பில் மிச்சம் என்ன ஆயிற்று? உரை எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர்களின் மகள்களுக்குத் தோன்றக்கூடிய கேள்வி.

அந்தப் பேச்சில் கண்ணகி இன்னொன்றும் சொல்கிறாள். கணவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் வாய்ப்பைத் தான் இழந்திருந்ததாகச் சொல்கிறாள். வீடு இருந்தது, செல்வம் இருந்தது, சமைக்கக் கை இருந்தது. கணவன் பக்கத்தில் இல்லாததால் விருந்தோம்ப முடியவில்லை. வேலை அவளுடையதாக இருந்தாலும் அந்த வேலையின் பெருமை அவன் பெயரில்தான் இருந்தது. ‘விருந்தோம்பல் தமிழர் பண்பாடு’ என்று மேடையில் கேட்கும்போது ஓம்பியது எந்தக் கை என்றும் கூடவே கேட்டுப் பார்க்கலாம்.

எரிந்த நகரத்தைவிட்டுக் கண்ணகி மேற்கு வாயில் வழியாக வெளியேறி வைகையின் ஒரு கரையைப் பிடித்து நடக்கிறாள். வடகரையா தென்கரையா என்று சொல்லப்படவில்லை. எந்தக் கரையாக இருந்தாலும், இன்றைய மதுரையிலிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே போனால் ஒரு கரையில் சோழவந்தான், எதிர்க்கரையில் தென்கரை. நான் கல்லூரிக்குப் போய்வரும் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது: கோச்சடை, துவரிமான், மேலக்கால்.

அந்தச் சாலையில் கோச்சடையில் ஒரு மதில் வரும். ஹார்வி சகோதரர்கள் தொடங்கி, பிறகு மதுரா கோட்ஸ் ஆன நூற்பாலையின் அதிகாரிகளுக்கான மதுரை கிளப் அங்கே இருந்தது. 1970களில் அதை வடிவமைத்தவர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. இடிந்த கட்டடங்களின் கல்தூண்களையும் பலகைகளையும் கொண்டுவந்து சேர்த்து, கோயில் தெப்பக்குளத்தைப் போலப் படிகள் இறங்கும் நீச்சல்குளத்தோடு கட்டினார். இன்று அது ஹெரிட்டேஜ் மதுரை என்ற விடுதி. பெரிய ஆலமரமும் உணவகமும் உள்ள இடம். அழகான கட்டடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆலைச் சங்கு ஊதியதும் டிபன் பாக்ஸோடு வேலைக்கு ஓடிய ஊரில், சில மைல் தள்சி மேலாளர்கள் மரநிழலில் உட்கார்ந்து பரிமாறப்பட்டுச் சாப்பிடுவதற்கென்று ஓர் இடம் இருந்தது என்பதைத்தான் குறித்துக்கொள்கிறேன். கிராமத்து அமைதியோடு சேர்த்துப் பரிமாறப்படும் சாப்பாடு நம் பக்கத்தில் இப்படிக் கிளப்புகளிலிருந்து வந்தது.

காரைக்குடியிலும் இதே கதைதான். அங்குள்ள ‘பங்களா’ ஒரு காலத்தில் நகரத்தார் ஆண்கள் கூடும் கிளப். 1999இல் அதை விடுதியாகத் திறந்தவர் மீனாட்சி மெய்யப்பன் என்ற ஆச்சி. வாழையிலையில் செட்டிநாட்டு விருந்து சாப்பிட வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2014இல் அதன் சமையல் ஒரு கனத்த ஆங்கிலப் புத்தகமாகவும் வந்தது. ஆண்கள் கூடிய வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு ஒரு பெண் உரிமையாளராக வந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணமான மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கு. கணவன் பர்மாவிலோ மலேயாவிலோ கொண்டுவிற்கப் போயிருக்க, அந்த அடுப்பையும் கணக்கையும் நடத்தியவள் ஆச்சி. அவள் நிர்வாகத்தை ஊர் நிர்வாகம் என்று பார்க்காமல் ‘சிக்கனம்’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டது. சந்தைக்கு வந்தபிறகுதான் அதற்கு விலை தெரிந்தது.

இன்னொரு மீனாட்சியும் உண்டு. இளம் வயதில் கணவரை இழந்த எஸ். மீனாட்சி அம்மாள், உறவுப் பெண்களுக்குக் கடிதத்தில் சமையல் குறிப்பு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். அவை சேர்ந்து 1951இல் ‘சமைத்துப் பார்’ ஆனது. இன்றும் விற்கிறது. கையில் இருந்ததைக் காகிதத்தில் போட்டுத் தன் பெயரையும் அதன்மேல் போட்டுக்கொண்டவர். பெரும்பாலான அம்மாச்சிகளுக்கு இது வாய்க்கவில்லை. இதற்கு மாறாகச் சிறுபாணாற்றுப்படையைப் பாருங்கள். நல்லியக்கோடனின் அரண்மனை விருந்து சமையல் நூல் ஒன்றின் வழி தவறாமல் ஆக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த நூலின் ஆசிரியன் வீமன். அதே பாட்டில், பாணனின் வீட்டில் ஒருத்தி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு உறவோடு பகிர்ந்து உண்கிறாள். அரண்மனைச் சமையலுக்கு ஆசிரியன் பெயர் இருக்கிறது. குப்பைக்கீரைக்குப் பெயரில்லாத கைதான்.

வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடும் உரிமை நம் ஊரில் யாருக்கும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. ரயில் நிலையங்களில் பிராமணருக்குத் தனியாகவும் மற்றவருக்குத் தனியாகவும் இருந்த சாப்பாட்டு அறைகள் பெரியாரின் இயக்கம் போராடியபின் 1941இல்தான் ஒழிந்தன. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகைக்கு எதிராக மறியல் நடந்தது. சாதிக்கு எதிரான அந்தப் போராட்டங்கள் திறந்துவிட்ட கூடங்களில் பெண்கள் உடனே போய் உட்கார்ந்துவிடவில்லை. என் சின்ன வயதில் மதுரை ஹோட்டல்களில் ‘பேமிலி ரூம்’ என்று ஒன்று இருக்கும். பச்சைத் திரை, இடுக்கமான மேசை, ஓடாத மின்விசிறி. அப்பாவோடு போனால் அங்கேதான். கல்லூரியில் படிக்கும்போது தோழிகள் நான்கு பேர் ரோஸ்ட் சாப்பிடப் போனோம். ‘கூட யாரும் வரலையா’ என்று கேட்டுவிட்டுத்தான் திரையை விலக்கினார்கள். குடும்பம் என்றால் அதில் ஓர் ஆண் இருக்க வேண்டும் என்பது மேசை துடைப்பவருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் மாவட்டத்தின் பெரிய உணவக வரலாறு முனியாண்டி விலாஸ். திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் 1930களில் காரைக்குடியில் தொடங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனது. தை மாதத்தில் அந்த ஊர் முனியாண்டி கோயிலில் கடைக்காரர்கள் எல்லோரும் கூடி விடிய விடிய பிரியாணி ஆக்கி ஊருக்கே போடுகிறார்கள். பத்திரிகைப் படங்களில் அண்டாவைக் கிளறி நிற்பவர்கள் ஆண்கள்தான். வீட்டு அடுப்பு பெண்ணுக்கு, ஊர் அடுப்பு ஆணுக்கு என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறோம்.

பெண்கள் ஊருக்குச் சமைக்கும் இடம் ஒன்று உண்டு. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு. பிறகு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். அங்கே அண்டாவைக் கிளறுவது பெண்கள். அவர்களை யாரும் ‘செஃப்’ என்று அழைப்பதில்லை. காலமுறை ஊதியம் கேட்டுச் சத்துணவுப் பெண்கள் தெருவில் உட்கார்ந்த போராட்டங்களை நாம் பார்த்திருக்கிறோம். 2018இல் அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாது என்று பிள்ளைகளின் பெற்றோரே தகராறு செய்தார்கள். கைமணம் என்று அட்டையில் அச்சடிக்கும்போது எந்தக் கை என்பது அவ்வளவு முக்கியமான கேள்வியாக இந்த மண்ணில் இருந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக வெற்றிலைக்கு வருகிறேன். அன்றைய அட்டையிலும் அதுதான் கடைசி வரி: ‘சோழவந்தான் வெற்றிலை’. 2023இல் எங்கள் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த அன்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அகத்தியில் கொடி ஏறி நிற்கும் கொடிக்காலின் நிழல் எனக்குத் தெரியும், உள்ளே போய்த் தெரிந்ததில்லை, வரப்பிலிருந்து பார்த்துத்தான். செருப்போடு போகாதே, தீட்டு நாளில் அந்தப் பக்கமே போகாதே, கொடி பட்டுப்போகும் என்பார்கள். வயதுக்கு வந்தபின் எது எந்த நாள் என்று ஊருக்கு விளக்க வெட்கப்பட்டு நான் போவதையே விட்டுவிட்டேன். ஆண்கள் கிள்ளிய வெற்றிலை கூடையில் வீட்டுக்கு வரும். அதன்பிறகு அது பெண்களின் வேலை. கொழுந்தைத் தனியே, முற்றலைத் தனியே, ஓட்டை விழுந்ததைத் தனியே பிரித்து, காம்பு ஒரே பக்கம் இருக்கும்படி கவுளி கவுளியாக அடுக்கி, வாழைமட்டையில் வைத்துக் கட்ட வேண்டும். அம்மா இருபது வருடம் அதைச் செய்தாள். கவுளிக்கு இவ்வளவு என்று கூலி. அவள் கட்டைவிரலில் கறை போகவே இல்லை. தீட்டு நாளிலும் கட்டினாள். வீட்டுக்குள் வந்த இலைக்குத் தீட்டுப் பட்டதாக எந்த வியாபாரியும் சொன்னதில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டின் முடிவில் அந்தப் பையன் வெற்றிலையைக் கொண்டுவந்தான். கூம்பாகச் சுருட்டி, உள்ளே குல்கந்தும் தேங்காய்ப்பூவும் வைத்து, கிராம்பு குத்தி, கறுப்புக் கல்பலகைமேல் நிற்க வைத்திருந்தார்கள். அம்மா கிராம்பைப் பிடுங்கினாள். இலையைப் பிரித்து, உள்ளிருந்ததை மண்தட்டில் கொட்டிவிட்டு, இலையின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். நரம்பை விரலால் தடவினாள்.

“நம்ம ஊரு வெத்தலதான். ஆனா முத்தல். இத கொழுந்தோட வச்சுக் கட்டுனவ யாரோ?”

பையனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சிரித்தான். அவனிடம் கேட்டாள்: “நீ சாப்பிட்டியாப்பா?”

“எல்லாரும் போனப்புறம்மா. மூணரை ஆகிரும்.”

“எங்க உக்காந்து சாப்பிடுவ?”

“அங்கனயே, கிச்சனுக்குள்ளதான்.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

பில் ஐயாயிரத்து நூற்றுச் சொச்சம். அந்த வருடம் நூறு நாள் வேலையில் ஒரு நாளைக்கு 319 ரூபாய். மனக்கணக்காகப் பதினாறு நாள் என்று எனக்கு ஓடியது. திரும்பிவரும்போது பேருந்தில் நான் பேச ஆரம்பித்தேன். அம்மி அரைக்கும் பெண், அட்டையில் மட்டும் இருக்கும் அம்மாச்சி, கண்ணகி என்று வகுப்பில் பேசுவதுபோல் பேசிக்கொண்டே வந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மேலக்கால் தாண்டியபோது சொன்னாள்: “ஏழு தடவ எனக்கு எடுத்தாந்து வச்சான்டி. ஒரு தடவகூட நான் எந்திரிக்கல. அதையும் எழுதிக் கெடுத்துப்புடாத.”

நான் வாயை மூடிக்கொண்டேன். தென்கரைப் பாலம் வந்தது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.

“எம்புட்டு ஆச்சு?”

“ஆயிரத்து எந்நூறு” என்று பொய் சொன்னேன்.

கொஞ்ச நேரம் விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தாள். பிறகு, “அப்ப அடுத்த வாட்டி சின்னாத்தாளையும் கூட்டிட்டுப் போவோம். அவ பங்க நான் குடுத்துர்றேன்” என்றாள்.